பிள்ளையவர்களின் பெருமை மாணவர்களே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமை நிற்பது அவர் பாடிய பாட்டிலா, பாடம் சொன்ன மாணவர்களிடமா? மாணவர்களிடம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா ஒரு போடு போட்டார். "பிள்ளையவர்களின் தலபுராணங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர்கள்தான் மாணவர் பெருமை பேசுவார்கள். உ.வே.சா. என்ற ஒரே ஆளை வைத்து எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்?" நீங்களும் கைதட்டினீர்கள். பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கதை.

பிள்ளையவர்கள் பிறந்தது 1815-இல். அவருடைய இளமையில் ஒரு நூலைப் படிக்க ஏடும் கிடைக்க வேண்டும், பாடம் சொல்ல ஆளும் கிடைக்க வேண்டும். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலைப் படிக்க ஆசை. தெரிந்தவர் யார்? ஒரு பரதேசி. வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர். லேசில் சொல்லித்தர மாட்டார். இவர் என்ன செய்தார்? அவர் பின்னாலேயே நடந்தார். பரதேசி ஒரு வாசலில் நின்றால் இவரும் நிற்பார். அவர் அடுத்த வீட்டுக்குப் போனால் இவரும் போவார். பெரியோர்களே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையும் அதே தெருவில் இருந்திருக்காதா? "என்னப்பா, சிதம்பரம் பிள்ளை மகன் பிச்சைக்காரர் பின்னால் போகிறானே" என்று ஒருவராவது கேட்டிருக்க மாட்டாரா? கேட்டால் கேட்கட்டும். பரதேசி பிச்சைக்காகப் போனார், இவர் தண்டியலங்காரத்துக்காகப் போனார். வேண்டியதை வாங்கிக் கொடுத்து, மனம் குளிரும் நேரம் பார்த்துப் பாடம் கேட்டே விட்டார்.

இவ்வளவு பட்டுப் படித்தவர் பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? தன்னிடம் வந்த யாரையும் அப்படி அலையவிடவில்லை. கையில் காசு இல்லாத காலத்திலும் மாணவர்களுக்குச் சோறு போட்டுப் பாடம் சொன்னார். அந்த மனசு எந்தப் புராணத்தில் இருக்கிறது, ஐயா?

இப்போது அந்த 'ஒரே ஆள்' விஷயத்துக்கு வருகிறேன். நாகூர் குலாம் காதிறு நாவலர் யாரிடம் படித்தார்? சவேரிநாத பிள்ளை யாரிடம் படித்தார்? கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் யார் மாணவர்? 1880-இல் வேலையை விட்டுப் போகும்போது செட்டியார் தன் சொந்தக்காரருக்கா இடம் பிடித்துக் கொடுத்தார்? தன் ஆசிரியரிடம் படித்த இன்னொரு மாணவர், அதே உ.வே.சா., சாமிநாதையரைத் தேடிப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் 1887-இல் சீவக சிந்தாமணியும் 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் அச்சேறின.

புராணத்தைப் புரட்டினீர்களா என்று கேட்டார் ஐயா. புரட்டினேன். அதோ, அவர் மேசைமேல் பிள்ளையவர்களின் பிரபந்தத் திரட்டு இருக்கிறதே, அதைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தது யார்? சாமிநாதையர். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்து, 1933-இலும் 1934-இலும் இரண்டு பாகமாக அவர் வரலாற்றை எழுதியது யார்? அதே மாணவர்தான். எதிரணி ஆதாரம் காட்டுவதற்கும் எங்கள் கட்சி ஆள்தான் புத்தகம் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள், ஐயா. 1876, பிப்ரவரி 1. திருவாவடுதுறை. பிள்ளையவர்களுக்குக் கடைசி நேரம். எழுந்து உட்கார முடியாத உடம்பு. பின்னால் இருந்து அவரைத் தாங்கிக்கொண்டவர் சவேரிநாத பிள்ளை, ஒரு கிறிஸ்தவர். பக்கத்தில் இருந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதையர், ஓர் அந்தணர். நடுவில் இருந்தவர் சைவ வேளாளர். சாதி பார்த்துத் தண்ணீர் குடித்த காலம் அது. அந்த அறையில் யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்கும் மேலாக அவரைத் தாங்கியது அந்த மாணவர்களின் கை.

அவர்கள் பக்கம் நின்றுதான் பேசுகிறேன், நடுவர் அவர்களே. தீர்ப்பை அவர்களுக்கே கொடுங்கள். நன்றி, வணக்கம்.