ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ரைஃபிள் கிளப்பில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்று. அடுத்த கேள்வி, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதுமா சார்?" வாரம் பூராவும் பள்ளிக்கூடம், டியூஷன். ஞாயிறு ஒரு நாள் நாலு மணி நேரம் நின்று ஆசை தீரச் சுடட்டுமே என்கிறார்கள். நியாயமான கணக்குத்தான். ஆனால் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலிடம், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கியிடம், அந்தக் கணக்கு செல்லாது. ஒரு வருஷம் அப்படியே சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு வெளியூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஞாயிறு காலை சுடும் லேனில் நின்றால் 200 பெல்லட், அதாவது ஏர் பிஸ்டலில் போடும் சின்னக் குண்டு, தீராமல் நகர மாட்டேன். முதல் நாற்பது, ஐம்பது ஒழுங்காகப் போகும். நூறைத் தாண்டினால் தோள் கனக்கும், மூச்சு தப்பும். 'இதோ நடுவுக்கு வந்துவிட்டது' என்று தோன்றுகிற நொடியில் விரல் டிரிகரை வெடுக்கென்று பிடுங்கிவிடும். அந்தக் கடைசி நூறு பெல்லட்டில் நான் பழகியது சுடுவதை அல்ல, பிடுங்குவதை. அதையும் வாரம் தவறாமல் பழகினேன்! 600க்கு 540ஐ ஒட்டியே நின்றது ஸ்கோர். ஒரு நாள் என் கோச் பெல்லட் டின்னைக் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "ஒரு மாசத்துக்கு இது கிடையாது. வீட்டில் தினம் இருபது நிமிஷம் சுவரைப் பார்த்து நில்" என்றார். கோபம்தான் வந்தது.

சுவரைப் பார்த்து என்ன செய்வது? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்துக்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலம், ஒரு சட்டைப் பட்டன் அளவு. பத்து மீட்டர் தள்ளி நின்று ஒற்றைக் கையால் அதை அடிக்க வேண்டும். கை ஆடத்தான் செய்யும், எல்லோருக்கும் ஆடும். பிஸ்டல் மொத்தமாக ஆடுவதால் பெரிய சேதம் இல்லை. குறி பார்க்க பிஸ்டலின் மேல் முன்னே ஒரு சைட், பின்னே ஒரு சைட் இருக்கும். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் கோணிக்கொள்வதுதான் ஆபத்து. அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினால், டார்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடும். பத்து வர வேண்டிய இடத்தில் ஏழு. புதிதாக வருகிறவர்களுக்கு இது பிடிபடாது, ஏனென்றால் கண் கறுப்பு வட்டத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளைச் சுவரில் ஓடிப்போய்ப் பார்க்க எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் கண் முன் சைட்டில் வந்து உட்காரும். பெல்லட் போடாத பிஸ்டலின் டிரிகரை விரலால் மெதுவாக நெருக்க வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தின்போது முன் சைட் துள்ளியதா, அசையாமல் இருந்ததா? பெல்லட் போட்டுச் சுட்டால் அந்த நொடி அதிர்விலும் ஸ்கோர் பார்க்கும் ஆசையிலும் மறைந்துபோகும். வெறும் பிஸ்டலில் அப்பட்டமாகத் தெரியும். இதற்கு டிரை பிராக்டிஸ் என்று பெயர்.

இரண்டு எச்சரிக்கை. டிரை பிராக்டிஸ் செய்யும் அறையில் பெல்லட் டின் இருக்கவே கூடாது, பேரல் காலி என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உயர்த்த வேண்டும். இன்னொன்று, பேரலை மடக்கிக் காற்றேற்றும் ஸ்பிரிங் துப்பாக்கியை வெறுமனே தட்டக் கூடாது, உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும். போட்டிக்கான பிஸ்டல்களில் பெரும்பாலும் டிரை பிராக்டிஸுக்கென்றே தனி வசதி இருக்கிறது.

சரி, வாரத்துக்கு எத்தனை நாள்? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது ரேஞ்சில் மூன்று நாள், நாளொன்றுக்கு நாற்பது பெல்லட்டுக்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் வீட்டில் பதினைந்து நிமிஷம். மாநிலப் போட்டிக்குப் போகிறவர்கள் ஐந்து நாள் வரட்டும், அதில் ஒரு நாள் முழு மேட்ச்: 75 நிமிஷம், 60 ஷாட், இடையில் போன் எடுக்காமல். அறுபதாவது ஷாட் முதலாவதைப் போலவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் ஃபைனலில் அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டுக்கு வரும்போது ஃபின்லாந்துக்காரரோடு சமநிலை. அங்கே அவர் அடித்தது 10.8. ஃபைனலில் பத்தையும் தசமமாகப் பிரித்து எண்ணுவார்கள், ஒரு ஷாட்டின் உச்சமே 10.9தான்.

பிளஸ் டூ பரீட்சை வந்தால் மூன்று மாதம் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தட்டும், நான் தடுப்பதில்லை. திரும்பி வரும்போது முதலில் காணாமல் போயிருப்பது விரலின் பதம். அடுத்தது தோளின் தாங்கும் சக்தி. கண் அவ்வளவு சுலபமாக மறப்பதில்லை. ஹங்கேரி ராணுவத்தைச் சேர்ந்த காரோலி தகாச்சுக்கு 1938இல் கையெறி குண்டு வெடித்து, சுடும் வலது கை போயிற்று. இடது கையால் பழகி மறு வருஷமே தேசியப் போட்டியில் வென்றார். உலகப் போரால் இரண்டு ஒலிம்பிக் நடக்கவில்லை, காத்திருந்து 1948இலும் 1952இலும் தங்கம் வாங்கினார். கைதான் புதிது, சைட்டைப் பார்க்கத் தெரிந்த கண் பழையது என்பது என் எண்ணம். அதனால் பரீட்சை எழுதும் பிள்ளைகளிடம் நான் கேட்பது தினம் பத்தே நிமிஷம். பிஸ்டல் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், பிஸ்டல் எடையை ஒட்டித்தான் வரும். கையை நீட்டி இருபது எண்ணும்வரை பிடி, இறக்கு, ஒரு நிமிஷம் விடு, மறுபடி பிடி.

போன மாதம் ஒரு அப்பா இதே ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியோடு வந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயது. "ஞாயிறு வரட்டும், அதோடு வீட்டில் ஒரு வெறும் சுவரும் பாட்டிலும் வேண்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பையன் வந்து சொன்னான்: "ஹால்ல வெறும் சுவரே இல்ல சார். அம்மா காலண்டரைக் கழட்டிக் கொடுத்தாங்க. ஆனா ஆணி இருக்கு, அதையேதான் கண்ணு பாக்குது."

ஆணியையும் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.