‘நார்மல்’ என்று எழுதிய தாள்: இரைச்சலில் வேலை செய்பவர்களின் செவிப் பரிசோதனையும் நிர்வாகத்தின் பொறுப்பும்

[திரையில்: இரண்டு ஆடியோகிராம் (செவிப் பரிசோதனை முடிவு) தாள்கள் அருகருகே]

ஒரு மாதிரிக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இரண்டு தாளும் ஒரே தொழிலாளியுடையவை, ஒரே வலது காது. 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை முதல் தாளில் அவர் 5, 5, 10 டெசிபலிலேயே கேட்டுவிட்டார். மூன்று வருடம் கழித்து எடுத்த தாளில் 10, 20, 25. எண் கூடினால் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். 25 வரை ‘நார்மல்’ என்று எழுதுவது பல இடங்களில் வழக்கம். அதனால் இரண்டு தாளிலும் ‘நார்மல்’தான்.

இப்போது கழித்துப் பாருங்கள். 5, 15, 15. கூட்டினால் 35, மூன்றால் வகுத்தால் 11.7. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி ஏதாவது ஒரு காதில் இந்தச் சராசரி வித்தியாசம் 10 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். கடைசித் தாளை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. தொழிற்சாலையில் செய்யும் செவிப் பரிசோதனை, காது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கானது அல்ல. போன தடவையைவிட இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கானது.

[திரையில்: உள்காதின் படம், முடிச் செல்கள் மேல் அம்புக்குறி]

இரைச்சல் கெடுப்பது உள்காதின் முடிச் செல்களை. இறந்த செல் மறுபடி முளைக்காது. பாதிப்பு பெரும்பாலும் 3000-லிருந்து 6000 ஹெர்ட்ஸுக்குள் தொடங்கும். ஆடியோகிராமில் 4000 பக்கம் கோடு பள்ளம் விழுந்து 8000-இல் கொஞ்சம் மேலே ஏறும். பேச்சு இன்னும் நன்றாகக் கேட்பதால் அந்த நபருக்கு எதுவும் தெரியாது. அவர் வந்து புகார் சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

யாருக்குப் பரிசோதனை? எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபல் என்பதைத்தான் பல நாட்டு விதிகள் எல்லையாக எடுத்துக்கொள்கின்றன. டெசிபல் சாதாரண எண் மாதிரி ஏறுவதில்லை. 3 கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு. 85-இல் எட்டு மணி நேரம் என்றால் 88-இல் நான்கு, 91-இல் இரண்டு, 94-இல் ஒரே மணி நேரம். 100-இல் 15 நிமிடத்திலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும். மீட்டர் கையில் இல்லாதபோது ஒரு அடையாளம்: ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தை அளந்தே ஆகவேண்டும். டொலுவீன், ஸ்டைரீன், ஈயம் புழங்கும் இடமா? இவையும் செவியைப் பாதிப்பவை. இரைச்சல் எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் அங்கே வேலை செய்பவர்களைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எப்போது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. ஓஷா: அந்த அளவு இரைச்சலுக்குள் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, பிறகு வருடாவருடம். ஆஸ்திரேலியாவின் மாதிரி விதிகளில், செவிக் காப்பு அடிக்கடி அணிய வேண்டிய வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முதல் பரிசோதனை, அதன்பின் குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரிட்டனில் வழக்கமாக முதல் இரண்டு வருடம் ஆண்டுதோறும், பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் நாட்டு விதி எதுவானாலும், சத்தத்துக்குள் அனுப்புவதற்கு முன்பே முதல் பரிசோதனையை முடிப்பதுதான் சரி. ஆறு மாதம் சத்தத்தில் நின்றபின் எடுக்கும் தாளில் அந்த ஆறு மாதச் சேதமும் ‘ஆரம்ப நிலை’யாகப் பதிவாகிவிடும்.

[திரையில்: ஷிஃப்ட் முடிந்து வரிசையில் நிற்கும் தொழிலாளர்கள்]

மிகப் பெரிய தவறு நடப்பது இங்கேதான். ஷிஃப்ட் முடிந்த கையோடு எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்புவது. இரைச்சலிலிருந்து வந்த காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். அந்த மந்த நிலையை அடிப்படையாக எழுதிவிட்டால், பின்னால் வரும் உண்மையான இழப்பு கழித்தலில் காணாமல் போகும். அதனால்தான் முதல் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரம் வேலையிட இரைச்சல் படக்கூடாது என்கிறது ஓஷா. காப்பு அணிந்து வேலை செய்திருந்தாலும் அந்த விதி ஏற்கும். ஆனால் அது சரியாகப் பொருந்தியிருந்ததா என்று யார் உறுதி சொல்வது? விடுமுறை முடிந்து வரும் முதல் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் சத்தமாகப் பாட்டுக் கேட்காமல் வரவேண்டும் என்று முந்தைய நாளே சொல்லுங்கள்.

அறையையும் கவனியுங்கள். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் பரிசோதனை பூத் வைத்தால் வருகிறவர்கள் எல்லோருக்கும் 500 ஹெர்ட்ஸில் மோசமான எண் வரும். அப்படி வந்தால் காதுகளைச் சந்தேகிக்க வேண்டாம், அறையைச் சந்தேகியுங்கள். பரிசோதனைக் கருவியான ஆடியோமீட்டரை, செவித்திறன் நிலையாக உள்ள ஒருவரை வைத்துத் தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும். அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து 10 டெசிபல் விலகினால் கருவியை அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். எப்படியும் வருடத்துக்கு ஒரு அளவுத்திருத்தம் கட்டாயம். ஹெட்ஃபோனில் சிவப்பு வலது, நீலம் இடது. மாற்றி மாட்டினால் இரண்டு காதின் வரலாறும் குழம்பிவிடும். காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறதா, சளி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பரிசோதிப்பவரின் கை அசைவு தொழிலாளிக்குத் தெரியக்கூடாது. வெளிச் சத்தம் இல்லாதபோதும் காதுக்குள் இரைச்சல் கேட்பதாகச் சொல்பவருக்குத் தொடர் ஒலியைவிட விட்டு விட்டு வரும் ஒலி எளிது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், கேட்காத ஒலிக்கும் பட்டன் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது நிர்வாகத்தின் வேலை.

[திரையில்: ஓஷா விதியின் நாள் கணக்கு: 30, 21]

கேட்கும் திறன் இறங்கியிருந்தால்? 30 நாளுக்குள் மறுபரிசோதனை செய்யலாம். இறக்கம் உறுதியானால், உறுதியான நாளிலிருந்து 21 நாளுக்குள் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பரிசோதனைக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது.

அதோடு, அவர் இயர்பிளக் போடும் விதத்தை நேரில் பாருங்கள். நுரை பிளக்கை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை சுமார் அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் போட்டும் பயனில்லை. 30 டெசிபல் குறைக்கும் காப்பை எட்டு மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றினால்கூட, அன்றைய மொத்தப் பாதுகாப்பு ஏறக்குறைய 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். பிளக்கை மாற்றிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். ஒரே இயந்திரத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேருக்கு இறக்கம் வந்தால் அந்த இயந்திரத்தைத் திறந்து பாருங்கள்: தேய்ந்த பேரிங், கழன்ற மூடித் தகடு, சைலன்ஸர் இல்லாத காற்றுக் குழாய்.

பரிசோதனைத் தாள்களைத் தொழிலாளி வேலையில் இருக்கும் காலம் முழுவதும் பத்திரப்படுத்த வேண்டும். இரைச்சல் அளவீடுகளை ஓஷா கணக்கில் குறைந்தது இரண்டு வருடம். தாளில் கருவியின் கடைசி அளவுத்திருத்தத் தேதி, பரிசோதித்தவர் பெயர், அந்த நபர் பட்ட இரைச்சல் அளவு ஆகியவை இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போகும் வாரத்தில் இன்னொரு முறை பரிசோதித்து, முதல் தாளையும் கடைசித் தாளையும் நகலெடுத்து அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த இடத்தில் கழித்துப் பார்க்க அந்த எண்கள் அவருக்கு வேண்டும்.