வயிற்றுக் கிருமியும் கைக்கெட்டும் பரிசோதனையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பியிருந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், வயிற்றின் உட்சவ்வில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அல்சரில் அதற்குள்ள பங்கையும் கண்டறிந்ததற்காக 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து, அம்மோனியா உண்டாக்கி, வயிற்று அமிலத்திலிருந்து தப்பிக்கிறது. அந்த வேலையே அதைக் காட்டியும் கொடுக்கிறது. யூரியாவும் பீனால் ரெட் சாயமும் கலந்த மஞ்சள் கூழில், எண்டோஸ்கோபியில், அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும்போது, எடுத்த சிறு சதைத்துணுக்கை வைப்போம். கிருமி இருந்தால், அது உண்டாக்கும் அம்மோனியாவால் துணுக்கைச் சுற்றி இளஞ்சிவப்பு படரத் தொடங்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கூழை ஆய்வகத்திலேயே தயாரிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குப் பிறகு மாறும் நிறத்தை நம்பக்கூடாது.

எண்டோஸ்கோபிக்குச் செலவாகுமே என்பீர்கள். நியாயம்தான். அது தேவைப்படாதவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு, மலத்தில் கிருமியின் ஆன்டிஜெனை, அதாவது அதன் புரத அடையாளத்தை, தேடும் பரிசோதனையும் உண்டு. வசதி குறைந்த இடங்களுக்கு மலப் பரிசோதனையையே நான் முதலில் சொல்வேன். மாதிரி கொடுக்கக் கூச்சப்பட்டுப் பலர் தள்ளிப்போடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் பார்ப்பது இன்னும் சுலபம். ஆனால் கிருமி ஒழிந்த பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அந்த முடிவை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கொடுத்தால், தேவையில்லாதவர்களும் மருந்து விழுங்க நேரிடும். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் காலம் இது.

இன்னொன்று. ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் பொறுக்க வேண்டும். சிகிச்சை முடிந்தபின் செய்யும் மறுபரிசோதனைக்கும் அதே கணக்குதான். வலி போய்விட்டதே என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வலி போனாலும் கிருமி போயிருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

மலம் கறுத்துப் போனால், ரத்த வாந்தி எடுத்தால், காரணமின்றி எடை குறைந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் மட்டும் இந்தச் சிக்கனக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். அங்கே எண்டோஸ்கோபியைத் தவிர்க்க முடியாது.

வணக்கம்.