அந்த மேடையில் ரசிகருக்கும் ஒரு நாற்காலி

நடுவர் அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், நேரத்தோடு வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"பெரிய போட்டி முடிந்து தேசிய அணி ஊர் திரும்பும்போது, பாராட்டு வீரர்களுக்கு மட்டுமா, ரசிகர்களுக்கும் சேர்த்தா?" இதுதான் தலைப்பு. நான் 'ரசிகர்களுக்கும் சேர்த்தே' என்ற அணி. எனக்கு முன் பேசிய சகோதரி ஒரு போடு போட்டார். "ஓடியது அவன், விழுந்தது அவன், முட்டி பெயர்ந்தது அவனுக்கு. நீங்கள் சோபாவில் சாய்ந்து முறுக்கு தின்றீர்கள். உங்களுக்கு எதற்குச் சால்வை?" என்றார். அரங்கமே கைதட்டியது. சகோதரி முகம் மலர்ந்துவிட்டது, அடுத்த வரி இன்னும் வேகமாக வந்தது. அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று நான் விளக்க வேண்டுமா நடுவர் அவர்களே?

வீரரின் பங்கில் ஒரு நூலைக்கூடக் குறைக்கச் சொல்லி நான் வரவில்லை. நம் ஊர்ப் பாராட்டு மேடைகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நடுவில் அமைச்சர். அவருக்கு இந்தப் பக்கம் சங்கத் தலைவர், அந்தப் பக்கம் விளம்பரம் கொடுத்த கம்பெனி முதலாளி. பதக்கம் வாங்கிய பெண் எங்கே என்று தேடினால் ஓரத்து நாற்காலியில் இருப்பார். இவர்கள் எல்லோரும் மேடையில் உட்காரும்போது எதிரணிக்கு வலிக்கவில்லை. ரசிகர் என்றதும் மட்டும், "அவன் என்ன ஓடினானா?" என்று கேட்கிறார்கள். அமைச்சர் எத்தனை மீட்டர் ஓடினார்?

உலகத்தில் எங்காவது இப்படி நடந்திருக்கிறதா என்றும் கேட்டார்கள். நடந்திருக்கிறது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, 2016 முதல் ரசிகர்களுக்கென்றே ஒரு விருது வைத்திருக்கிறது. 2018-இல் அது பெரு நாட்டு ரசிகர்களுக்குப் போனது. பெரு கோப்பை வென்றதா? இல்லை. முதல் சுற்றோடு மூட்டை கட்டிய அணி அது. ஆனால் 36 ஆண்டுக்குப் பிறகு தங்கள் நாடு உலகக் கோப்பையில் ஆடுகிறது என்று பெருவிலிருந்து ரஷ்யா வரைக்கும் அலையலையாகப் போனார்கள் அந்த மக்கள். டென்மார்க்கிடம் தோற்றாலும் பிரான்சிடம் தோற்றாலும் பாட்டை நிறுத்தவில்லை. அணியை வீட்டுக்கு அனுப்பிய அதே உலகக் கோப்பை, ரசிகர்களுக்கு விருது வாங்கிக் கொடுத்தது.

அப்புறம் 2023 பிப்ரவரி, பாரிஸ். அதே ஃபிஃபா விழா. சிறந்த வீரர் மெஸ்ஸி, சிறந்த பயிற்சியாளர் ஸ்கலோனி, சிறந்த கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ், எல்லாம் அர்ஜென்டினா. ரசிகர் விருதும் அர்ஜென்டினாவுக்கே. அதை வாங்க ஒரு கிழவர் மேடை ஏறினார், தன் பெரிய மேளத்தோடு! 'துலா' என்று ஊரே கூப்பிடும் கார்லோஸ் பாஸ்குவால். 1974 முதல் உலகக் கோப்பைகளுக்கு அந்த மேளத்தைச் சுமந்து போனவர். அவர் மேடை ஏறியதால் மெஸ்ஸியின் விருது இளைத்தா போய்விட்டது?

"சரி, அது பணக்கார விளையாட்டு" என்பார்கள். ஏழை வீட்டுக்கே வருகிறேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் ஈட்டியை 92.97 மீட்டருக்கு எறிந்து தங்கம் வாங்கினார் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம். நம் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. நதீமின் ஊர் மியான் சன்னு பக்கத்துக் கிராமம், அப்பா கட்டட வேலை செய்தவர். ஆரம்ப நாட்களில் பயிற்சிக்கும் போட்டிக்கும் போக ஊர்க்காரர்களும் உறவினர்களும்தான் காசு போட்டு அனுப்பினார்கள் என்று அந்த அப்பாவே சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் யார் நடுவர் அவர்களே? அரசா, சங்கமா? ரசிகர்கள்! தங்கம் வந்த பிறகு கோடி கோடியாகக் கொடுக்க நிறையப் பேர் வந்தார்கள். மாமனார் ஓர் எருமை கொடுத்தார். எருமையை நான் கிண்டல் செய்யவில்லை. அந்த ஊரில் அதுதான் பெரிய மரியாதை. ஆனால் தங்கம் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாத காலத்தில் காசு கொடுத்தவர்களுக்கு என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

நம் சேப்பாக்கத்தை விட்டுவிட்டு நான் இறங்கினால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். 1999 ஜனவரி 31. எதிரே பாகிஸ்தான், இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆனபோது தேவைப்பட்டது வெறும் 17 ஓட்டம். 12 ஓட்டத்தில் தோற்றோம். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, ஜெயித்த பாகிஸ்தானுக்கு! வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கூட்டத்துக்கு மரியாதை செய்தது. எந்த அமைச்சரும் சொல்லவில்லை, எந்தச் சங்கமும் நிகழ்ச்சி நிரலில் போடவில்லை. ரசிகனுக்கு மரியாதை உண்டா என்ற கேள்விக்கு அன்றைக்கு வீரர்களே பதில் சொல்லிவிட்டார்கள். எதிரணி இப்போது வந்து யாருக்காக வாதாடுகிறது?

இனி சிரிக்க முடியாத பகுதிக்கு வருகிறேன். 2025 ஜூன் 4, பெங்களூரு. 18 ஆண்டு காத்திருந்து பெங்களூரு அணிக்குக் கிடைத்த ஐ.பி.எல். கோப்பை. 'அது தேசிய அணி இல்லையே' என்று குறுக்கே வருவார்கள். கூட்டம் நெரிக்கும்போது அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். உள்ளே விழா நடந்துகொண்டிருந்தது. வீரர் எந்த வழியாக வருவார், மேடையில் எங்கே நிற்பார் என்பதற்கெல்லாம் திட்டம் போட ஆள் இருந்தது. அவரைப் பார்க்க வருகிறவர் எந்தக் கதவில் நுழைவார், எப்படி வெளியே போவார் என்று யார் யோசித்தார்கள்? 'விழா வீரருக்கு மட்டும்' என்று நினைத்தால் ரசிகர் வெறும் கூட்டமாகிவிடுகிறார். ரசிகருக்கு மரியாதை என்று நான் சொல்வது சால்வையை அல்ல சகோதரி. திறந்த வெளி, குடிநீர், அகலமான வழி, உயிரோடு வீடு திரும்பும் உத்தரவாதம். இதையும் 'எதற்கு' என்று கேட்பீர்களா?

ஐஸ்லாந்தைப் பாருங்கள். அப்போது மொத்த மக்கள்தொகையே மூன்றரை லட்சத்தைத் தொடாத நாடு. 2016 யூரோ கால்பந்துக் கோப்பையில் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியது. காலிறுதியில் பிரான்சிடம் 5-2 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. மறுநாள் ஊர் திரும்பிய அணியை ரெய்க்யவிக் நகரத்து மேட்டில் பல்லாயிரம் பேர் வரவேற்றார்கள். கைகளை உயர்த்தி, நிறுத்தி, ஒரே நேரத்தில் தட்டும் அந்தப் புகழ்பெற்ற கைதட்டலை அணித்தலைவர் குன்னார்சன் மேடையிலிருந்து தொடங்க, மேடே திருப்பித் தட்டியது. அங்கே யார் யாரைப் பாராட்டினார்கள்? பிரித்துச் சொல்லுங்கள், நான் இப்போதே அமர்ந்துவிடுகிறேன்.

எதிரணியின் கடைசி அம்பு கூர்மையானது, ஒப்புக்கொள்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த நம் மகளிர் ஹாக்கி அணியின் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற அன்று, ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்து, சாதி சொல்லி ஏசினார்கள். "இந்த ரசிகனுக்கா விருது?" என்று கேட்டார் சகோதரி. 'அவர்கள் ரசிகர்களே இல்லை' என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. நம் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அதே அணி வெண்கலத்தையும் 4-3 என்று கோட்டைவிட்டு, வந்தனா அதிலும் ஒரு கோல் அடித்து, நான்காம் இடத்தோடு திரும்பியபோது விமான நிலையத்தில் மாலையோடு நின்றவர்களும் நம் கூட்டம்தான். கல்லெறிகிறவன் பெயர் மட்டும் செய்தியில் வருகிறது. மாலையோடு நின்றவரையும் ஒருமுறை மேடைக்குக் கூப்பிடுங்கள் என்கிறேன். அடுத்த தோல்வியன்று தெருவில் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யப்போகும் பையன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.