கல் போன பிறகும் ஏன் வலிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீர்க் கல்லை லேசரில் உடைத்தாயிற்று, உடம்பில் தழும்புகூட இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த மறுநாளே, "டாக்டர், கல் இன்னும் உள்ளேயே இருக்கிறதோ?" என்று பயந்துபோய் போன் செய்கிறார்கள்.

பெரும்பாலும் அந்த அவஸ்தைக்குக் காரணம் ஸ்டென்ட். சிகிச்சைக்குப் பிறகு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளாமலிருக்க, இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அனுப்புகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் டி.ஜே. ஸ்டென்ட் என்று எழுதியிருக்கும். அதன் கீழ்முனை சிறுநீர்ப்பையை உரசிக்கொண்டே இருப்பதால், இப்போதுதான் போய்விட்டு வந்திருப்பீர்கள், மறுபடி முட்டும். சிறுநீர் கழிக்கையில் விலாவுக்குக் கீழே சுரீரென்று இழுக்கும். பை சுருங்கும்போது கொஞ்சம் சிறுநீர் ஸ்டென்ட் வழியாகவே சிறுநீரகத்துக்கு ஏறிவிடுகிறது. காலையில் தெளிவாகப் போனது, மாடிப்படி ஏறி இறங்கியதும் சிவக்கும். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் வெளுத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். டாம்சுலோசின் போன்ற மாத்திரை பலருக்குக் கேட்கிறது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை, ஸ்டென்டால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைப் பற்றித்தான். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எடுக்க வராமலே இருந்துவிடுவார்கள். பலருக்கு ஓரிரு வாரத்தில் எடுத்துவிடும் பொருள் அது. மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து, இழுத்தால் வராது. அதை எடுக்கவே இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். எடுக்கும் தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். மரத்துப்போகும் ஜெல் தடவி, சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுத்த அன்று சிலருக்கு மறுபடி விலா வலி வரும். வீக்கம் வடிந்ததும் அடங்கிவிடும்.

சிறுநீரில் வரும் துகள்களை வடிகட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கால்சியம் கல் என்று ரிப்போர்ட் வந்ததும் பாலை நிறுத்திவிடுகிறார்கள், அது வேண்டாம். கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருளை, சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். குறைக்க வேண்டியது உப்பை. தண்ணீரைப் பொறுத்தவரை, எத்தனை டம்ளர் குடித்தோம் என்பதைவிட, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் அதற்கு இன்னும் கூடுதலாகக் குடிக்க வேண்டியிருக்கும்.