வண்டி இல்லாதவர்கள் மலையில் எங்கே நடப்பது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன. மதுரையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ஜவுளிக்கடையில் வேலை, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. "அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் காட்டில் நடக்க ஆசை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் காரும் இல்லை, பைக்கும் இல்லை. பஸ்ஸிலேயே போய் நடந்துவிட்டு வருகிற மாதிரி மலைப்பாதை ஏதாவது உண்டா? இல்லை, இதெல்லாம் வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தானா?"

அந்தக் கடைசி வரி இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டே இருந்தது. என் பழைய பேச்சுகளை எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். "வண்டியை அங்கே நிறுத்திவிட்டு" என்று மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறேன். தவறு என்னுடையதுதான் தங்கை. இன்றைக்கு அதைச் சரிசெய்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரில் போகிறவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் கடைசியில் கார் நிற்கிற இடத்துக்குத்தான் திரும்பி வர வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு ஊரில் இறங்கி, மலையைக் கடந்து, வேறொரு ஊரில் பஸ் ஏறலாம். மலைப்பாதைகள் உண்டானதே அப்படி ஊர் விட்டு ஊர் போகத்தான். அதனால் வண்டி இல்லாதது ஒரு குறை என்று நினைக்காதீர்கள்.

உதாரணத்துக்குக் குரங்கணியை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து போடிக்கு இப்போது ரயிலே இருக்கிறது. 2010இல் மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள், அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடி வரை ரயில் மறுபடியும் வந்தது. போடியிலிருந்து குரங்கணிக்கு பஸ். அங்கிருந்து மேலே பார்த்தால் டாப் ஸ்டேஷன். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அங்கே ரயில் நிலையத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. ஒரு காலத்தில் ரயில் இருந்தது உண்மைதான். மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பித்தடத்தில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நடுவில் சென்ட்ரல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, அதுவும் அந்தக் கம்பித்தடத்தின் நடு நிலையம்தான். மேலே போய்விட்டால் மூணாறுக்கு பஸ் உண்டு. மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாகத் தேனிக்கு பஸ் உண்டு. ஒரு மலையை முழுக்கச் சுற்றி வந்துவிடலாம், மலைக்குள் எந்த இடத்துக்கும் இரண்டாம் முறை போகாமல். காரில் போனால் இது நடக்காது. குரங்கணியில் கார் காத்துக்கொண்டிருக்குமே!

ஆனால் குரங்கணி என்று சொல்லிவிட்டு அனுமதியைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்துபோனார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள், தங்கை. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களைத் திறந்து, இணையத்திலேயே பதிவு செய்ய வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியும் கூட வருவார். குரங்கணி – சாம்பலாறு தடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மற்ற தடங்களுக்குப் போவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் இல்லை என்றால் இல்லைதான். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். அந்த நாளில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

சரி, அடுத்தது கொடைக்கானல். இங்கே பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் டம்டம் பாறை வந்ததும் வெளியே பாருங்கள், எதிரே எலிவால் அருவி தெரியும். மழை பெய்து ஒரு வாரத்துக்குள் போனால் பெயருக்கான காரணம் அப்படியே கண்ணில் படும்.

கொடைக்கானலில் இறங்கினால் வட்டக்கானல். டால்பின் மூக்கு என்கிற பாறைமுனை வரைக்கும் எல்லாரும் போவார்கள். அதற்குக் கீழேதான் வெள்ளகவி. தலைமுறை தலைமுறையாக வண்டிப்பாதை இல்லாமல் வாழ்ந்த ஊர். காபி, மிளகு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் குதிரை முதுகில்தான் இறங்கி வந்தன. ஊருக்குள் யாரும் செருப்புப் போடமாட்டார்கள், ஊரே கோயில் மாதிரி. நீங்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இறங்கினால் கும்பக்கரை, அங்கிருந்து பெரியகுளத்துக்கு பஸ். மேலே ஒரு பஸ், கீழே ஒரு பஸ், நடுவில் முழு மலை. நான் சொன்னேன் இல்லையா, அதேதான். வட்டக்கானல் – வெள்ளகவி தடமும் அந்த 40இல் ஒன்று, அதற்கும் பதிவு செய்துவிட்டே போங்கள். 2,100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் பேசும். முதல் தடவை போகிறவர்கள் வெள்ளகவியோடு நிறுத்திக்கொண்டால் போதும். அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது என்று மழைக்காலப் பேச்சில் விரிவாகவே சொல்லியிருக்கிறேன், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பஸ் நேரம். நிறைய பேர் "டைம் சொல்லுங்கள் அண்ணா" என்று கேட்கிறார்கள். சொல்லமாட்டேன், அது மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் மலை பஸ் ஓடுகிற முறையைப் புரிந்துகொண்டால் போதும். மலைக் கிராமத்து பஸ் சுற்றுலாக்காரர்களுக்காக ஓடவில்லை. பல ஊர்களில் பஸ் ராத்திரி மேலேயே தங்கிவிடும், டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். விடியற்காலை ஊர் மக்களை ஏற்றிக்கொண்டு இறங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மூட்டைகள். சாயங்காலம் அவர்களையே திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். நாம் அதற்கு நேர் எதிராக, காலையில் ஏறி மாலையில் இறங்க நினைக்கிறோம். அதனால் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, கீழே இறங்க கடைசி பஸ் எப்போது?" அவர் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம், பல வருஷத்துக்கு முன்பு. ஏரிக்கரையில் உட்கார்ந்து புல்வெளியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நான் ரோட்டுக்கு வரும்போது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது. நல்ல குளிர், மூடுபனி இறங்கிவிட்டது, ரோட்டோரத்தில் காட்டுமாடு இரண்டு நிற்கிறது. அரைமணி நேரம் கழித்து ஒரு காய்கறி வண்டி வந்தது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இடம் கொடுத்தார்கள். பூம்பாறையில் ஒரு பாட்டி ஏறினார், மடியில் பூண்டுக் கட்டு. நம் கடைப் பூண்டு மாதிரி வெள்ளையாக இருக்காது. பழுப்பேறி, அடுப்படிப் புகை வாசனையோடு இருக்கும், ஒரு பல்லைக் கிள்ளினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு அதுதான். அந்தப் பாட்டி இருட்டில் கை நீட்டி ஒரு சரிவைக் காட்டினார். "ரோடு வருவதற்கு முன்னால் அந்த வழியாகத்தான் தம்பி சந்தைக்குப் போவோம். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை."

உண்மையைச் சொன்னால் தங்கை, 'எங்கே நடக்கலாம்' என்பதைவிட 'இந்தப் பாதையெல்லாம் யாருடையது' என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து மேலே போனது குதிரையிலும் டோலியிலும். அந்த டோலியைச் சுமந்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொடைக்கானலுக்கு வண்டி ஏறுகிற லாஸ் காட் ரோடு 1910களில்தான் வந்தது. அதுவரை ஏறக்குறைய 70 வருஷம், கொடைக்கானலின் கட்டில், நாற்காலி, அரிசி மூட்டை எல்லாம் யாரோ ஒருவர் தோளில்தான் ஏறியிருக்கிறது. வெள்ளகவிப் பாதையில் சில கற்கள் நடுவில் குழிந்து வழவழவென்று இருக்கும், காலை வைத்தால் பாதம் சரியாகப் பொருந்தும். உட்கார்ந்து கையால் தடவிப் பாருங்கள்.

பஸ் விஷயத்தில் இன்னும் ஒன்று. 2021 முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை. உங்கள் வழியில் எந்த பஸ்ஸெல்லாம் அப்படி என்று ஏறும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வார விடுமுறை ஒரு நாள்தான் என்றீர்கள். அப்படியானால் முதல் பயணத்துக்குக் குரங்கணியே சரி. போடி ரயில் நேரத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, கடைத் தோழி ஒருவரையும் கூட்டிக்கொண்டு, பதிவு செய்துவிட்டுப் போங்கள். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள், கண்டக்டர் கடைசி பஸ்ஸுக்கு எந்த நேரம் சொன்னார் என்பதையும் சேர்த்து. மற்றவர்களுக்கு அடுத்த வாரம் அதையே படித்துக்காட்டுகிறேன்.