பத்து மதிப்பெண் ராஜலட்சுமி

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூட வினாடி வினா மேடைகளில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். 'தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி யார்?' என்று கேட்டால் நாலு கை உயரும். 'டி.பி.ராஜலட்சுமி!' சரியான விடை, பத்து மதிப்பெண், அடுத்த கேள்வி. அந்த அம்மாள் நாவலும் எழுதினார், படமும் இயக்கினார் என்று சொல்ல அங்கே நேரம் இருக்காது. இன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1911-ல் திருவையாற்றில் பிறந்தவர். விளையாடுகிற வயதில் கல்யாணம். வரதட்சிணைத் தகராறில் அது முறிந்தது. அப்பாவும் காலமாகிவிட, அம்மாவும் பெண்ணுமாகத் திருச்சிக்கு வந்தார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சொல்லித்தான் சாமண்ணாவின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. மைக் இல்லாத காலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையின் கடைசி ஆளுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். அந்தத் தொண்டைதான் அவரை சினிமாவுக்குக் கொண்டுபோனது.

சரி, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு வருவோம். 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. பம்பாயில், அர்தேஷிர் இரானியின் கம்பெனி எடுத்தது. இயக்கம் எச்.எம்.ரெட்டி. இதில் வேடிக்கை என்னவென்றால், ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். பூசாரியாக வரும் எல்.வி.பிரசாத் இந்தியில் பேசுவார்! உங்கள் வீட்டில் நினைத்துப் பாருங்கள். 'ஏன் இவ்வளவு நேரம்?' என்று மனைவி தமிழில் கேட்க, கணவர் தெலுங்கில் சமாதானம் சொன்னால் எப்படி இருக்கும்? (சில வீடுகளில் ஒரே மொழியில் பேசினாலும் அதே கதிதான், அது வேறு விஷயம்.) ஜனங்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. திரை வாய் திறந்து பேசுகிறதே, அதுவே போதும் என்று இருந்தார்கள். படப்பெட்டி சென்னைக்கு வந்ததும் பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊர்வலமாகக் கினிமா சென்ட்ரல் கொட்டகைக்குக் கொண்டுபோனார்களாம்.

இன்னொரு வேடிக்கை. காளிதாசன் கதை ராஜா காலத்துக் கதை இல்லையா? அந்தப் படத்தில் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு. எழுதியவர் பாஸ்கரதாஸ், பாடியவர் ராஜலட்சுமி. கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நாடக மேடையில் அது பழகிப்போன வழக்கம். மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடியதற்காகச் சிறைக்குப் போனவர் இவர். அவரைப் பார்க்க டிக்கெட் வாங்கிய ஜனங்கள் அந்தப் பாட்டை எதிர்பார்க்காமலா இருப்பார்கள்? நம் சினிமாவில் கதையை நிறுத்திவிட்டுப் பாட்டு வருகிறதே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, அது முதல் படத்திலேயே வந்துவிட்டது ஐயா!

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடம்தான். நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கமலவல்லி' என்ற தன் நாவலையே 1936-ல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவில் முதல் பெண் இயக்குநர். மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். பெண் குழந்தை என்பதற்காகக் கொல்ல இருந்த ஒரு சிசுவைக் காப்பாற்றி, மல்லிகா என்று பெயரிட்டு வளர்த்தார். 'விமலா', 'சுந்தரி', 'உறையின் வாள்' என்று வேறு நாவல்களும் உண்டு. அவற்றைப் பற்றி... சரி, சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.